நுரையீரலைச் சுற்றிச் சேரும் நீர் எங்கே வடிகிறது?

"பாரு-பாரு பெராயிர்" என்று வார்டில் தாதி சொன்னதும் வீட்டுக்கு போன் போகிறது: "அப்பாவுக்கு லங்ஸ்ல தண்ணியாம்." மறுநாள் முதுகுப் பக்கம் ஊசி போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பால் சேர்க்காத சீனத் தேநீர் நிறத்தில் ஒரு பை நிறைய நீர். இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது, மருந்தைச் சாப்பிட்டால் அது தானாக வற்றிவிடும் என்கிறார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இதே டாக்டர், வற்றட்டும் என்று காத்திருக்கவே கூடாது, இன்றைக்கே டியூப் போட வேண்டும் என்கிறார்.

இருவருக்கும் சொல்லப்பட்ட சொல் ஒன்றுதான். வைத்தியம் மட்டும் ஏன் வேறு? அந்த நீர் சாதாரண நாளில் எந்த வழியாக வெளியேறுகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். அதை நுரையீரல் உறிஞ்சுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மருத்துவப் புத்தகங்களும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தன.

உள்ளேயா, வெளியேயா?

மலாயில் "பெராயிர்" என்றாலும் தமிழில் "நீர் கோத்திருக்கிறது" என்றாலும் இரண்டு தனித்தனி நிலைமைகள் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன.

1. நுரையீரல் நீர்வீக்கம். நீர் நுரையீரலின் திசுவிலும் காற்றறைகளிலும் இறங்கியிருக்கும். இதயம் திடீரெனத் தளரும்போது பெரும்பாலும் இதுதான் வரும். படுத்தால் மூச்சு முட்டும். சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம்.

2. உறைநீர்த் தேக்கம். நீர் நுரையீரலுக்கு வெளியே, அதற்கும் விலா எலும்புச் சுவருக்கும் நடுவில் நிற்கும். இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

முதலாவது நனைந்த பஞ்சு. இரண்டாவது பஞ்சைச் சுற்றி நிற்கும் தண்ணீர். ஊசி வைத்து எடுக்கக்கூடியது இரண்டாவது மட்டும்தான்.

நம் வீடுகளில் மூன்றாவதாக ஒன்றும் வந்து கலந்துகொள்ளும்: நீர்க்கோவை. ராத்திரியில் தலைக்குக் குளித்தது, இளநீர் குடித்தது, வெள்ளரிக்காய் சாப்பிட்டது என்று பட்டியல் நீளும். அந்தச் சொல் சளியையும் மூக்கடைப்பையும் சேர்ந்தது. இளநீருக்கும் நுரையீரல் உறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதயம், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறால் நீர் சேர்ந்தவர்களுக்குக் குடிநீர் அளவை டாக்டரே குறித்துக் கொடுப்பார். காசநோயால் நீர் சேர்ந்தவரைத் தாகத்தில் போட்டுவைத்தால் நெஞ்சு நீர் ஒரு சொட்டும் குறையாது.

ஒட்டிக்கொண்ட இரண்டு இலைகள்

கழுவி அடுக்கிய வாழையிலைகளில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்போம். ஒன்றின் மேல் மற்றதை வழுக்கி நகர்த்துவது சுலபம். நேராகப் பிரிக்கத்தான் நகத்தைக் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பது கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.

நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான். நுரையீரலின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உள் உறை. விலா எலும்புகளின் உட்புறத்திலும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேலும் ஒட்டியிருப்பது புற உறை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் கால்வாசி போல. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இரு பக்கமும் சேர்த்து அதில் இருக்கும் நீர் சுமார் 15 மில்லிலிட்டர். மூன்று தேக்கரண்டி.

நுரையீரல் எப்போதும் சுருங்கப் பார்க்கும், நெஞ்சுக் கூடு எப்போதும் விரியப் பார்க்கும். இந்த இழுபறியால் நடுவிலுள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுதான் நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, மூச்சிழுக்கும்போது கூடவே விரிய வைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த இடைவெளி இல்லாமலும் காலம் தள்ளலாம். யானைக்கு இது கிடையாது. இரண்டு உறைகளுக்கும் நடுவில் இணைப்புத் திசு நிரம்பியிருக்கும். ஆற்றில் மூழ்கித் துதிக்கையை மட்டும் வெளியே நீட்டி மூச்சுவிடும்போது ஏற்படும் அழுத்தத்தைத் தாங்க இந்த ஏற்பாடு உதவுகிறது என்பது ஒரு விளக்கம். திரும்பத் திரும்ப நீர் சேரும் புற்றுநோயாளிகளுக்கு டால்க் பொடி செலுத்தி இரு உறைகளையும் வேண்டுமென்றே ஒட்டவைப்பதும் உண்டு. அவர்களும் அதன்பின் மூச்சுவிடுகிறார்கள்.

நீர் வரும் வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புற உறையிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தம் அதிகம். இடைவெளியில் அழுத்தம் குறைவு. அதனால் நீர் மெதுவாகக் கசிகிறது. புரதம் பெரும்பாலும் ரத்தத்திலேயே தங்கிவிடும். கசியும் வேகம் ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 0.01 மில்லிலிட்டர். 60 கிலோக்காரருக்கு ஒரு நாளைக்கு அதே மூன்று தேக்கரண்டிதான். உள்ளே இருக்கும் நீர் நாளுக்கு ஒரு முறை புதிதாக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடம் மூடிவைத்த தொட்டி அல்ல என்பது இதிலிருந்தே தெரியும். வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிற இடம். அப்படியானால் போவது எங்கே?

போகும் வழி: பழைய கணக்கும் விழித்திருந்த ஆடுகளும்

ரத்தக்குழாய்ச் சுவரில் நீரை வெளியே தள்ளுவது ரத்த அழுத்தம், உள்ளே இழுப்பது ரத்தத்திலுள்ள புரதம் என்ற கணக்கை இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-ல் கொடுத்தார். 1927-ல் குர்ட் ஃபான் நீர்கார்ட் அதை நெஞ்சறைக்குப் பொருத்தினார். புற உறையில் அழுத்தம் அதிகம், எனவே அங்கே நீர் வெளியே வரும். நுரையீரலின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் குறைவு, எனவே உள் உறை அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் வடிகால். படம் வரைய அழகாக இருந்ததால் பாடப்புத்தகங்களில் வெகுகாலம் நின்றது.

சிக்கல், எந்த விலங்கைப் பார்த்தார்கள் என்பதில் இருந்தது. நாய், பூனை, முயல் ஆகியவற்றின் உள் உறை மிக மெல்லியது. அதற்கு ரத்தம் நுரையீரல் சுற்றோட்டத்திலிருந்து வருகிறது. மனிதனின் உள் உறையோ தடிமனானது, அதற்கு ரத்தம் மூச்சுக்குழாய்த் தமனிகளிலிருந்து, அதாவது உடலின் பொதுச் சுற்றோட்டத்திலிருந்து வருகிறது. அந்தத் தமனிகள் இருக்கும் இடத்தில் "குறைந்த அழுத்தம்" என்ற வாதம் ஆட்டம் காண்கிறது. இந்த விஷயத்தில் மனிதனுக்கு நெருக்கமானது ஆடு, குறிப்பாகச் செம்மறி.

1980-களில் சான் பிரான்சிஸ்கோவில் செம்மறிகளை வைத்துச் செய்த சோதனைகள் கணக்கை மாற்றி எழுதின. கோர்ட்னி பிராடஸும் உடன் பணியாற்றியவர்களும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் முக்கியமானது. மயக்கம் கொடுக்காமல், விழித்து நின்றுகொண்டிருந்த ஆடுகளின் நெஞ்சறைக்குள் புரதம் கலந்த நீரைச் செலுத்தி, நேரம் விட்டு நேரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தார்கள். கிடைத்த தடயங்கள் இரண்டு.

1. வற்றிய வேகம் மாறவில்லை. அதிகம் இருந்தபோதும் குறைவாக இருந்தபோதும் மணிக்கு ஒரே அளவுதான் போனது: ஒரு கிலோ எடைக்குச் சுமார் 0.28 மில்லிலிட்டர். சவ்வு வழியே நீர் பரவிப் போவதாக இருந்தால், நீர் குறையக் குறைய வேகமும் குறைய வேண்டும். ஒரே சீரான வேகம் என்றால், முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பம்பு அங்கே இருக்கிறது என்று பொருள்.

2. மிஞ்சிய நீரில் புரதத்தின் அடர்த்தி மாறவில்லை. நீரை மட்டும் ரத்தக்குழாய் உறிஞ்சியிருந்தால், அடுப்பில் கொதிக்கும் ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதுபோல் மிச்ச நீரில் புரதம் ஏறியிருக்கும். ஏறவில்லை. நீரும் புரதமும் சேர்ந்தே, அள்ளிக் கொட்டியதுபோல் போயிருக்கின்றன.

இப்படி நீரையும் புரதத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும் அமைப்பு உடலில் ஒன்றுதான்: நிணநீர் நாளங்கள், அதாவது திசுக்களில் கசிந்த நீரை ரத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள். வெளியேறியதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்த வழியாகப் போனது என்று ஆய்வு காட்டியது.

நிணநீர் நாளங்களின் வாசல் எங்கே என்பதுதான் இன்னும் சுவையானது. வாசல்கள் நுரையீரலின் மேல் இல்லை. எதிர்ச் சுவரில், புற உறையில் இருக்கின்றன. அதிலும் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், உதரவிதானத்தின் மேலும் கீழ் விலா எலும்புகளின் இடையிலும். நுண்ணோக்கியில் பார்த்தால் சின்ன வாய்கள்போல் திறந்திருக்கும் துளைகள், பொதுவாக 2 முதல் 12 மைக்ரோமீட்டர் அகலம். ஒரு சிவப்பணுவின் குறுக்களவு 7 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும் என்பதால் அது முழுசாகவே நுழைந்து போகலாம். அடிபட்டு நெஞ்சுக்குள் கசிந்த சிறிதளவு ரத்தம், அணுக்கள் உடையாமலே உடலின் ஓட்டத்துக்குத் திரும்பிவிடுவது இப்படித்தான்.

இத்தகைய வாய்கள் முதலில் கவனிக்கப்பட்டது நெஞ்சுக்குள் அல்ல, அதற்கு ஒரு மாடி கீழே. 1863-ல் ஜெர்மனியின் ரெக்ளிங்ஹவுசன் முயலின் உதரவிதானத்தில், வயிற்றுப்புறப் பரப்பில் பால் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். பால் துகள்கள் வாய்க்காலில் விழும் தண்ணீர்போல் சுழித்துச் சுழித்து உள்ளே இறங்கின.

பம்பை ஓட்டுவது யார்? நாளங்களின் சுவரே சுருங்கி விரியும்; உள்ளே ஒருவழி வால்வுகள் இருப்பதால் நீர் பின்னால் திரும்பாது. அதோடு ஒவ்வொரு மூச்சும் ஒரு பிழி. உதரவிதானம் இறங்கி ஏறும்போது துளைகள் இழுபட்டுத் திறக்கும், நாளங்கள் அமுங்கும். நீர் சேர்ந்தவர்களை எழுந்து உட்காருங்கள், நடங்கள், நன்றாக மூச்சிழுத்து விடுங்கள் என்று பிசியோ துறையினர் விரட்டுவதற்கு இருக்கும் காரணங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

லொங்காங் கணக்கு

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைப்போம். வருவது கிலோவுக்கு மணிக்கு 0.01. போகக்கூடியது 0.28. ஏறத்தாழ முப்பது மடங்கு உபரி. 60 கிலோக்காரருக்கு ஆட்டின் கணக்கைப் பொருத்தினால் நாளுக்கு 400 மில்லிலிட்டர் வெளியேற்ற முடியும். வருவதோ 15 தான்.

கோலாலம்பூர்வாசிக்கு இதைப் புரியவைக்கச் சிரமம் இல்லை. ஐந்து மணி மழைக்குத் தெரு மூழ்கினால் இரண்டில் ஒன்று: மழை தெருவோர வடிகாலான லொங்காங்கின் கொள்ளளவையே தாண்டிப் பெய்தது, அல்லது லொங்காங்கில் குப்பை அடைத்துக்கொண்டது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். நெஞ்சிலும் இவ்வளவு பெரிய உபரி இருக்கும்போது நீர் தேங்கி நிற்கிறது என்றால், பெரிய அளவில் ஏதோ கெட்டிருக்கிறது. அந்த வகையில் தேங்கிய நீர் நோயைவிட நோயின் தடயம் என்பதே பொருந்தும்.

மழை கூடும் வழிகள்:

1. இதயத் தளர்ச்சி. நுரையீரலில் அழுத்தம் ஏறி, அங்கே ஊறிய நீர் உள் உறை வழியாக வெளியே கசியும். நீர் பிரியும் மருந்து கொடுத்து ஊறலை நிறுத்தினால் வடிகால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

2. நிமோனியா, காசநோய். அழற்சியில் ரத்தக்குழாய்கள் ஓட்டையாகிப் புரதமும் சேர்ந்து கொட்டும்.

3. கல்லீரல் சுருக்கம். வயிற்றில் சேர்ந்த நீர், உதரவிதானத்திலுள்ள சிறு ஓட்டைகள் வழியே மேலே ஏறும். நெஞ்சின் குறைந்த அழுத்தம் அதை உறிஞ்சி இழுக்கும். பெரும்பாலும் வலப்பக்கம்தான்.

லொங்காங் அடைபடும் வழிகளில் முதலிடம் புற்றுநோய்க்கு. புற உறையில் பரவும் புற்றணுக்கள் துளைகளை அடைக்கும், நிணநீர் முடிச்சுகளில் தங்கி வழியை மறிக்கும். காசநோயின் அழற்சியும் இதையே செய்கிறது. அதனால்தான் அதை இரண்டு பட்டியலிலும் போட வேண்டியிருக்கிறது. எடுத்த நீர் ஒரே வாரத்தில் திரும்பச் சேர்ந்துவிட்டது என்று சிலர் சொல்லும்போது, சரியாக எடுக்கவில்லையோ என்று டாக்டரைச் சந்தேகிக்கிறார்கள். வடிகால் அடைத்திருக்கும்போது வாளியால் இறைத்தது போலத்தான் அது. இறைப்பது மூச்சுக்கு நிம்மதி தரும். அடைப்பு அங்கேயே இருக்கும்.

ஊசி எதற்கு?

கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு எடுத்தீர்கள்" என்பதைவிட "என்ன நீர் அது" என்பதுதான். நோயாளியைக் கட்டில் ஓரம் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டுக் கைகளை மடக்கிச் சாயச் சொல்வார்கள். ஸ்கேன் கருவியை முதுகில் வைத்துப் பார்த்தால் நீர் கறுப்பாகத் தெரியும். அதற்குள் நுரையீரலின் ஓரம் மீன் வால்போல் ஆடும். மரத்துப்போகும் ஊசி முதலில். அப்புறம் விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி உள்ளே. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் மேல் விளிம்புதான் பத்திரம். முதுகுத்தண்டிலிருந்து விலகிப் போடுவதால், "முதுகில் ஊசி போட்டால் கால் வராமல் போய்விடும்" என்ற பயத்துக்கு இங்கே இடமில்லை.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்காமல் சுமார் ஒன்றரை லிட்டரோடு நிறுத்துவது வழக்கம். பல நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் வேகமாக விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறிவிடும் ஆபத்து உண்டு. நெஞ்சு இறுகுகிறது, இருமல் நிற்கவில்லை என்று நோயாளி சொன்னால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

எடுத்த நீர் எந்த வகை என்று பிரிக்க 1972-ல் ரிச்சர்ட் லைட் தந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அறிக்கையில் டிரான்சுடேட், எக்சுடேட் என்று இருக்கும். இங்கே மெல்லிய நீர், கெட்டி நீர் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கெட்டி நீர்:

1. நீரிலுள்ள புரதம், ரத்தத்திலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல்.

2. எல்.டி.எச். என்ற நொதி, ரத்தத்திலுள்ளதில் 0.6 பங்குக்கு மேல்.

3. அதே நொதி, ரத்தத்தில் இயல்பாக இருக்கக்கூடிய உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்.

மெல்லிய நீர் என்றால் உறை நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு இதயத்திலோ கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ. கெட்டி நீர் என்றால் உறையே நோய்ப்பட்டிருக்கிறது, காரணத்தைத் தேடியாக வேண்டும். ஒரே நாளில் ரத்தமும் எடுப்பது ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் மேலே இருக்கிறது: இரண்டையும் ஒப்பிடாமல் கணக்குப் போட முடியாது.

தானாக வற்றினால் நல்லதுதானா?

தொடக்கத்தில் பார்த்த இரண்டு கட்டில்களுக்கு வருவோம். இரண்டாவது கட்டில்காரருக்கு நிமோனியாவை ஒட்டி வந்த நீர் சீழாகிவிட்டது. சீழ் வடிகாலில் போகாது. நூலாம்படைபோல் நார் பின்னிப் பின்னி அறை அறையாகப் பிரியும். துளைகள் நாரால் மூடிக்கொள்ளும். விட்டுவைத்தால் நுரையீரலைச் சுற்றித் தோல்போல் கெட்டியான கூடு கட்டிவிடும். அதனால்தான் டியூப், அதனால்தான் அவசரம். நாரை அறுக்கும் மருந்தையும் சீழின் பிசுபிசுப்பைக் கரைக்கும் நொதியையும் டியூப் வழியே சேர்த்துச் செலுத்தினால் நீர் நன்றாக வடிகிறது என்று 2011-ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. அதிலும் அகலாவிட்டால் அறுவை சிகிச்சை.

முதல் கட்டில்காரருக்கு வந்தது காசநோய் நீர் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் காசநோயாளிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 25,000-ஐத் தாண்டியிருக்கிறது. ஒற்றைப் பக்கம் நீர், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்று வரும் இளவயதினரிடம் டாக்டர் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஜாலான் பகாங்கில் கோலாலம்பூர் மருத்துவமனையை ஒட்டியுள்ள சுவாச மருத்துவக் கழகம் ஒரு காலத்தில் காசநோய்க்கென்றே இருந்த தேசிய மையம்.

இந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு. கிருமியின் புரதத்தைக் கண்டு உடல் காட்டும் கோபமே நீராகக் கொட்டுகிறது. அதனால் நீரை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமி இல்லை என்று முடிவு வந்தால் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு, வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் அணுக்களின் விகிதம், தேவைப்பட்டால் உறையிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டு என்று சேர்த்துவைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இங்கேதான் வடிகாலின் திறமை நம்மை ஏமாற்றுகிறது. கோபம் தணிந்ததும் துளைகள் திறந்து, காசநோய் நீர் மருந்தே இல்லாமலும் சில மாதங்களில் வற்றிவிடும். காய்ச்சல் போய்விடும், பசி திரும்பும். அமெரிக்க ராணுவத்தினர் 141 பேரைப் பின்தொடர்ந்து 1955-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் காலத்து வழக்கப்படி சரியான மருந்து கிடைக்காமல் நீர் வற்றிப்போனவர்களில் 65 விழுக்காட்டினருக்குப் பின்னர் ஏதோ ஒரு வடிவில் காசநோய் கிளம்பியது. நீர் போனது, கிருமி போகவில்லை. ஆறு மாத மருந்தில் இரண்டாவது மாதமே எக்ஸ்ரே தெளிவாகிவிட்டது என்று நிறுத்துபவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதேதான்.

வீட்டிலுள்ள எல்லோரையும் கிளினிக்குக்குக் கூப்பிடுகிறார்களே என்று சங்கடப்படுபவர்களும் உண்டு. 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி காசநோயை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பது டாக்டரின் கடமை. உறைநீர் மட்டும் இருப்பவரிடமிருந்து பரவுவது குறைவுதான். ஆனால் நுரையீரலுக்குள்ளும் நோய் இருக்கிறதா, அவருக்கே யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்து தொடங்கியபின் வற்ற எத்தனை நாள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இதயக் கோளாறால் வந்தது சில நாளிலிருந்து ஓரிரு வாரத்தில் குறையும். காசநோய் நீருக்கு ஆறு வாரம் போலாகும், சிலருக்கு மூன்று மாதம். நாளுக்கு 400 மில்லிலிட்டர் என்ற கணக்கில் ஒரு லிட்டர் மூன்று நாளில் தீர வேண்டுமே என்றால், அது அடைபடாத, ஆரோக்கியமான வடிகாலின் கணக்கு. இங்கே புதுநீர் ஊறுவதும் உடனே நிற்பதில்லை, துளைகளும் ஒரேயடியாகத் திறப்பதில்லை.

சிலருக்கு எல்லாம் முடிந்த பிறகும் எக்ஸ்ரேயில் நெஞ்சின் கீழ் மூலை கூர்மை மழுங்கியே தெரியும். நின்று எடுத்த படத்தில் அந்த மூலை மழுங்க 200 மில்லிலிட்டர் அளவுக்கு நீர் வேண்டும் என்பதால், இன்னும் அவ்வளவு மிச்சம் இருக்கிறதே என்ற கவலை வரும். பெரும்பாலும் அது நீர் இல்லை. அழற்சி ஆறியபோது உறை தடித்துப்போன தழும்பு. ஸ்கேன் கருவியை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால், கறுப்பா சாம்பலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.